லெக் அம்பயர் விருத்தாசலம்

விருத்தாசலத்துக்கு ஆனந்தராஜ் மேல் பொறாமை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நெடுந்தாங்கலில் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி ஜெயத்தைக் கேட்டால், "அவருக்கு அந்தப் பையன்னா உசுரு" என்பாள். கிளப் பையன்களைக் கேட்டால், "விருத்தா அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் சீனியர்" என்று பொதுவாக எதையோ சொல்லிவிட்டு நழுவுவார்கள். விருத்தாசலத்தையே கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் தெரியும்.

நெடுந்தாங்கலிலிருந்து பார்த்தால் பெருமுக்கல் மலை தெரியும். திண்டிவனத்துக்கு பைக்கில் அரை மணி நேரம். விருத்தாசலத்துக்கு நாற்பத்து மூன்று வயசு. திண்டிவனத்தில் ஒரு சந்துக்குள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் புகைந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிற வேலை அது. ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் மறுபடியும் புகையும். அதற்கு வேண்டிய பொறுமை அவரிடம் நிறையவே இருந்தது. ஒரே விஷயத்தை மனசுக்குள் ஆயிரம் தடவை சுற்றுவதற்கும் அதே பொறுமை கைகொடுத்தது.

செவன் ஸ்டார் கிரிக்கெட் கிளப்பை ஆரம்பித்தது இரண்டாயிரமாவது வருஷம். ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்ததால் செவன் ஸ்டார். ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது அந்த ஏழு பேருக்கும் தெரியாமல் இல்லை. ஊர்த்தெருவில் அந்த வயசில் ஆட வந்தவர்கள் அவ்வளவுதான். முதல் மேட்ச் பேசி முடித்தாகிவிட்டது, நாலு பேர் குறைகிறது. பதினெட்டு வயசு விருத்தாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் காலனிக்குப் போனார். தேவசகாயத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டார். அவர்கள் காய்ந்து கிடந்த ஊர் ஏரியின் அந்தக் கரைப்பக்கம் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள், இவர்களைவிட நன்றாகவே.

ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. சேர்ந்து ஆடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், ஒரே குடத்துத் தண்ணீரை ஒரே சொம்பில் பதினொரு பேரும் குடித்ததைத்தான் பெரிசுபண்ணினார்கள். விருத்தாசலத்தின் அப்பா ஒரு மாசம் மகனோடு பேசவில்லை. "ஏரிக்குள்ளதான ஆடுறோம், மழை வந்தா எல்லாம் ஒண்ணாத்தான முழுவப் போவுது" என்று விருத்தாசலம் சொன்ன பதிலை அன்றைக்கு ஊரே திட்டியது. பின்னாளில் ஊரே அதை எடுத்துச் சொல்லிச் சிரித்தது. தான் செய்த காரியங்களில் அவருக்கே பிடித்தது அது ஒன்றுதான். இராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்தச் சைக்கிள் பயணத்தை நினைத்துக்கொள்வார்.

ஏரிதான் கிரவுண்டு. ஐப்பசி மழையில் பிட்ச் தண்ணீருக்கு அடியில் போய்விடும். பங்குனியில் ஏரி காய்ந்ததும் புதுசாகப் போட வேண்டும். புற்றுமண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, சாணம் கரைத்து ஊற்றி, தார் டிரம்முக்குள் சிமெண்டும் ஜல்லியும் நிரப்பிச் செய்த உருளையை இழுத்து இழுத்து மட்டம் பண்ணுவார் விருத்தாசலம். கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போகாமல் பிட்ச் போடப் போனவர் அவர். மாமனார் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பதினாலு வருஷம் கேப்டனாக இருந்தார். ஜெயித்த கப்புகள் எல்லாம் அவர் வீட்டு ஷோகேஸில்தான் வரிசைகட்டி நின்றன. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜெயம் அவற்றைத் துடைப்பாள்.

ஆனந்தராஜ் அந்தத் தேவசகாயத்தின் அண்ணன் மகன். கிளப் ஆரம்பித்தபோது அவனுக்கு ஆறு வயசு. இப்போது முப்பத்தொன்று. திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். விருத்தாசலத்தின் முட்டி மடங்க மறுத்த வருஷம் அவன் கேப்டன் ஆனான். அதிலிருந்து ஆரம்பித்தது வயிற்றெரிச்சல்.

அவன் சிக்ஸர் அடிப்பதைக்கூட விருத்தாசலம் தாங்கிக்கொண்டார். சின்ன வயசு, அடிக்கிறான், அவ்வளவுதானே. தாங்க முடியாதது மற்றதெல்லாம். அவன் வந்த பிறகு கிளப் ஏரியை விட்டு ஊருக்குள் ஏறி வந்தது. ஊரில் எழவு விழுந்தால் முதல் போன் சொந்தக்காரனுக்கு, இரண்டாவது போன் கிளப்புக்கு என்று ஆனது. பந்தல் போடுவதிலிருந்து குழி வெட்டுவதுவரை பையன்கள் நின்றார்கள், ஊர்ப்பக்கத்துச் சாவுக்குக் காலனிப் பையன்களும், காலனிச் சாவுக்கு ஊர்ப்பக்கத்துப் பையன்களும். புயல் அடித்து ஏரி நிரம்பி வழிந்த வருஷம், காலனிக்குள் தண்ணீர் புகுந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் சோறு ஆக்கிப் போட்டது கிளப்தான். அத்தனை பேரின் ரத்த வகையையும் ஆனந்தராஜ் ஒரு பட்டியலாக போனில் வைத்திருந்தான். யாருக்கு எப்போது ரத்தம் வேண்டுமானாலும் அரை மணியில் இரண்டு பைக் கிளம்பிவிடும்.

ஜெயத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோதும் அப்படித்தான் கிளம்பின. மூன்று பாட்டில் ரத்தம், மூன்றும் கிளப் ரத்தம். அதில் ஒன்று ஆனந்தராஜுடையது. விருத்தாசலம் தன் ரத்தத்தைக் கொடுக்கப் போனார், சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஜெயம் அந்தப் பேரைச் சொல்லாத நாளே கிடையாது. மகள் அஸ்வினிக்குக் காலேஜ் விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

அவன் ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தால், ஒரு நாள் குடித்துவிட்டு விழுந்து கிடந்திருந்தால், குறைந்தபட்சம் இவருக்கு வணக்கம் சொல்ல ஒரு தடவை மறந்திருந்தால் விருத்தாசலத்துக்கு வயிறு கொஞ்சம் ஆறியிருக்கும். பாவி எதையும் செய்யவில்லை. எங்கே பார்த்தாலும் பைக்கை நிறுத்தி, "அண்ணே, சாப்ட்டீங்களா" என்று கேட்டான்.

பழைய டி.வி. ரூமை வெள்ளையடித்துக் கிளப் ரூம் ஆக்கியதும் கப்புகளைக் கேட்டு வந்தான். "எல்லாரும் பாக்குற மாதிரி வெச்சிரலாம் அண்ணே, உங்க பேர்லதான் அலமாரி" என்றான். எப்படி மறுப்பது? பையன்கள் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் மிஞ்சியது. ஜெயம் துணியை உதறி, "அப்பாடா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக விருத்தாசலம் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் வெள்ளிவிழா வந்தது. மே மாசம் டோர்னமெண்ட், ஃபைனல் முடிந்து இரண்டாவது ஞாயிறு கிளப் ரூம் வாசலில் விழா. நோட்டீஸ் அடித்தது சீனுவாசன். திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறவன், மேட்சுக்கு மைக்கில் கமெண்ட்ரி சொல்கிறவனும் அவனே. நோட்டீஸில் பாதிப் பக்கத்துக்கு ஆனந்தராஜ் பேட்டைத் தூக்கிக்கொண்டு நின்றான், மேலே "வெள்ளிவிழா நாயகன்". விருத்தாசலத்தின் பேர் அடியில், "முன்னாள் வீரர்கள்" என்ற தலைப்புக்குக் கீழே, ஒன்பது பேரில் ஆறாவதாக இருந்தது. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் மொத்தமாக நாலு மேட்ச் ஆடியவர்கள்.

ஆனந்தராஜ் அதைப் பார்த்துவிட்டு சீனுவாசனைச் சத்தம் போட்டதாகக் கேள்வி. மறுபடியும் அடிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டானாம். ஆனந்தராஜ் சத்தம் போட்டது விருத்தாசலத்துக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. தனக்காகச் சத்தம் போடுகிற இடத்துக்கு அவன் வந்துவிட்டான் அல்லவா?

ஃபைனலில் எதிரணி பெருமுக்கல். இந்தப் பக்கத்து டென்னிஸ் பால் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் அம்பயராக நின்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து அவனை அடிக்கப் போவதால், பேட்டிங் பண்ணுகிற அணியே தன் ஆட்களை அம்பயராக நிறுத்திக்கொள்ளும். பௌலர் பக்கம் ஒருவர், லெக் பக்கம் ஒருவர். அதனாலேயே எல்.பி.டபிள்யூ. கிடையாது, எந்த அம்பயரும் தன் ஆளுக்கு அதைக் கொடுக்க மாட்டான். ரன் அவுட்டும் ஒரு முழம் வித்தியாசம் இருந்தால்தான் கொடுப்பார்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் "நாட் அவுட்டு" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். எதிரணியும் ஐந்து நிமிஷம் கத்திவிட்டு விட்டுவிடும், அடுத்த இன்னிங்ஸில் அவர்கள் ஆள் நிற்பான் இல்லையா. முட்டி போன சீனியர்களுக்கு இதுதான் உத்தியோகம். கேப்டன் பதவி போனதிலிருந்து விருத்தாசலம் லெக் அம்பயர்.

கடைசி ஓவர். நாலு பந்தில் ஏழு ரன் வேண்டும். ஆனந்தராஜ் அறுபதைத் தாண்டி நிற்கிறான். கரை முழுக்க ஜனம். காலனிப் பெண்கள் ஒரு பக்கம், ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஐஸ் வண்டி. விருத்தாசலத்துக்குப் பின்னால் கரைமேல் மைக் பந்தல், எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய போன். மேட்ச் முழுக்க அதில் யூடியூபில் லைவ் போய்க்கொண்டிருந்தது.

ஆனந்தராஜ் பந்தைத் தூரமாகத் தட்டிவிட்டு ஓடினான். ஒரு ரன் ஆயிற்று, இரண்டாவதுக்குத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து மைக்கில் சீனுவாசன் முழங்கினான்: "செவன் ஸ்டார்னா ஆனந்தராஜ், ஆனந்தராஜ்னா செவன் ஸ்டார். இருவத்தஞ்சு வருசமா இந்த கிளப்ப தோள்மேல சொமந்துக்கினு வர்ற ஒரே மனுசன் ஆனந்தராஜ்."

இருபத்தைந்து வருஷமாக. அப்போது அவனுக்கு ஆறு வயசு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் சடாரென்று மைக் பந்தலைப் பார்த்துத் திரும்பினார். அங்கே போய் அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஸ்டம்பு விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினார். கீப்பர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். பேட்டைத் தரையில் தேய்த்தபடி ஆனந்தராஜ் குனிந்து நின்றான்.

விருத்தாசலத்தின் விரல் மேலே போனது.

கத்திக்கொண்டிருந்த கீப்பரே வாயடைத்துப் போனான். அவன் வழக்கத்துக்குக் கத்தினானே தவிர, கிடைக்கும் என்று நினைத்துக் கத்தவில்லை. ஆனந்தராஜ் அந்த விரலை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பேட்டை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தான். அடுத்து வந்தவர்களால் மூன்று பந்தில் இரண்டு ரன்தான் எடுக்க முடிந்தது. வெள்ளிவிழா கப் பெருமுக்கலுக்குப் போனது.

தோற்றதற்கு அழுவார்கள் என்று நினைத்தால் யாரும் அழவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. காலனிப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றார்கள். ஊர்ப் பையன்கள் பிட்ச் பக்கத்தில் நின்றார்கள். இருபத்தைந்து வருஷமாக அப்படி இரண்டாக நின்றது கிடையாது. எல்லாருக்கும் ஒரே நினைப்பு. ஊர்க்காரன் ஒருவன், காலனிக்காரன் ஒருவனுக்கு, யாருமே கொடுக்காத அவுட்டைக் கொடுத்திருக்கிறான்.

தேவசகாயம் கூட்டத்தைத் தாண்டி வந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "விருத்தா, அவுட்டுதானா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அவுட்டுதான்" என்றார் விருத்தாசலம், தேவைக்கு அதிகமான சத்தத்தில். அந்தச் சைக்கிளில் தான் போய்க் கூப்பிட்ட நாலு பேரும் இன்னொரு நிமிஷத்தில் ஏரியின் அந்தக் கரைக்கே திரும்பிப் போய்விடுவார்கள், அதற்கு இந்த விரல்தான் காரணமாக இருக்கும் என்று புரிந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

ஆனந்தராஜ் வேப்பமரத்தடிக்குப் போய் லைவ் ஓடின போனைக் கழற்றினான். வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு தனியாக ஒரு தடவை பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி, "எல்லாரும் வாங்க, பாருங்க" என்றான். சுண்ணாம்புக்கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பேட்டின் நுனி, விழுந்துகொண்டிருக்கிற ஸ்டம்பு. நாலு விரல்கடை உள்ளே வர வேண்டியிருந்தது. சுத்தமான அவுட்.

அவனே மைக்கை வாங்கினான். "அண்ணன் குடுத்தது கரெக்ட்டு. நம்ம ஆளுன்னு பாக்காம குடுத்துட்டாரு. தோத்தா தோத்துட்டுப் போறோம், எல்லாரும் ஒண்ணா வந்து நில்லுங்க, போட்டோ எடுக்கணும்."

கை தட்டியவர்கள் பெருமுக்கல்காரர்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் பிட்ச்சுக்கு வந்தார்கள். பெருமுக்கல் கேப்டன் விருத்தாசலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆனந்தராஜ் அந்த இடத்தை மட்டும் சின்ன வீடியோவாக்கிக் கிளப் குரூப்பில் போட்டான், அது அங்கிருந்து கிளம்பித் தூரத்து ஊரான இரும்பை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தன் அணி கேப்டனுக்கே கடைசி ஓவரில் அவுட் கொடுத்த அம்பயர். கடைக்கு மோட்டார் கொண்டுவந்தவர்கள் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு, "நீங்கதானங்க அந்த அம்பயரு" என்று கை குலுக்கினார்கள். இரண்டு ஊரிலிருந்து ஃபைனலுக்கு நிற்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெள்ளிவிழாவில் விருத்தாசலத்துக்கு ஒரு ஷீல்டு என்று முடிவாயிற்று. "நேர்மையான அம்பயர்" என்று சீனுவாசனே எழுத்து வெட்டக் கொடுத்தான்.

ஒரு வாரம் விருத்தாசலம் நன்றாகத் தூங்கினார். அவுட்தானே, வீடியோவே சொல்கிறதே. விரல் தூக்கும்போது கண் பார்த்ததா இல்லையா என்பது யாருக்கு வேண்டும்?

அடுத்த திங்கட்கிழமை கடையில் வேலை இல்லை. தன் புகழை இன்னொரு தடவை பார்ப்போமே என்று யூடியூபில் முழு மேட்சையும் போட்டு, கடைசி ஓவருக்கு ஓட்டினார். ஆனந்தராஜ் ஓடுகிறான். திரும்புகிறான். பந்து வருகிறது. படத்தின் இடது ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு ஆள், கிரீஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையைப் பார்த்தபடி நிற்கிறான். ஸ்டம்பு விழுந்த பிறகுதான் அந்த ஆள் திரும்புகிறான். உடனே விரலைத் தூக்குகிறான்.

விருத்தாசலம் குரூப்பில் ஆனந்தராஜ் போட்ட சின்ன வீடியோவை எடுத்துப் பார்த்தார். அதில் அந்த ஆள் இல்லை. இடது பக்கம் வெட்டப்பட்டிருந்தது.

சாயங்காலம் ஆனந்தராஜைக் கடைக்கு வரச்சொன்னார். டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாடையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். போனை அவன் முன்னால் நீட்டினார்.

"பாத்தியா இத?"

"பாத்தேன் அண்ணே. அன்னைக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் வெட்டின?"

ஆனந்தராஜ் கீழே கிடந்த கம்பித் துண்டை எடுத்து விரலில் சுற்றினான். "அவுட்டு அவுட்டுதான அண்ணே. எங்க பசங்க ஒதுங்கி நின்னுக்கினு இருந்தாங்க. அந்த நேரத்துல அந்த மூலையக் காட்டியிருந்தா கிளப்பு இருந்திருக்காது. நீங்க அன்னைக்கு சைக்கிள்ல வராட்டி எங்க சித்தப்பாவும் இல்ல, நானும் இல்ல. உட்டுட்டேன்."

"என்மேல கோவம் இல்லியா உனக்கு?"

"ரெண்டு நாளு இருந்துச்சு" என்றான். டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு விருத்தாசலத்துக்கு அழுகை வந்திருக்க வேண்டும், நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பழைய எரிச்சல்தான், இந்தத் தடவை அடி வயிற்றிலிருந்து. சிக்ஸர் அவனுக்கு. ரத்தம் அவனுக்கு. கப்பு, நோட்டீஸ், கேப்டன் எல்லாம் அவனுக்கு. அந்தச் சைக்கிள் கதை ஒன்றாவது தனக்கு என்று இருந்தது. அதையும் காப்பாற்றிக் கொடுத்தவன் அவன். தான் வாங்கப்போகிற ஷீல்டுகூட அவன் போட்ட பிச்சை.

விழா அன்றைக்கு ஐந்து மணிக்கே நாற்காலி நிரம்பிவிட்டது. தேவசகாயம் ஷீல்டைக் கொடுத்தார். சீனுவாசன் மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்றான். முதல் வரிசையில் ஜெயமும் அஸ்வினியும். மேடை ஓரத்தில் ஆனந்தராஜ் கை தட்டிக்கொண்டிருந்தான், மனசாரத் தட்டினான். அதைப் பார்த்ததும் விருத்தாசலத்துக்குப் பொறுக்கவில்லை. நேர்மை வந்து பேச வைத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்தும் சும்மா இருக்கிற பெரிய மனுஷனாக அவன் ஒருவன் மட்டும் நிற்பதைத் தாங்க முடியவில்லை, அதுதான் விஷயம்.

"இந்த ஷீல்டு எனக்கு சேராது" என்றார். "அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. மைக்குப் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருந்தேன். ஸ்டம்பு உழுந்த சத்தம் கேட்டுச்சு, நிக்கிறது ஆனந்தராஜுன்னு தெரிஞ்சுது, தூக்கிட்டேன். வேற எவனா இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன். அது அவுட்டா போனது என் நல்ல நேரம்."

ஆனந்தராஜ் கை தட்டுவதை நிறுத்தினான்.

தேவசகாயம் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. "காலனிக்காரன்றதாலயா விருத்தா?"

"இல்ல" என்றார் விருத்தாசலம். "எல்லாரும் அவன் பேரையே சொல்லிக்கினு இருக்கீங்களே, அதனால."

தேவசகாயம் அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த முகம், அதில் பொய் இருந்தால் தெரியாமல் போகாது. "அப்ப சரி" என்றார். மேஜைமேல் விருத்தாசலம் வைத்த ஷீல்டை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். "பேரு வெட்டியாச்சு, இனிமே வேற எவனுக்கும் ஆவாது. எடுத்துக்கினு போ." முதலில் காலனிப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு நாற்காலிகள் சிரித்தன.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் விருத்தாசலம் கொஞ்சமாவது நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பார். மேடையை விட்டு இறங்குவதற்குள், குரூப்பில் வந்த வீடியோவில் விருத்தாசலம் ஏன் இல்லை என்று யாரோ கேட்டுவிட்டார்கள், வெட்டின கதையை ஆனந்தராஜும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். இலை போட்ட இடத்திலிருந்து வெற்றிலை மடித்த இடம் வரைக்கும் அதே பேச்சு. எப்படிப்பட்ட மனசு அந்தப் பிள்ளைக்கு. அவுட் கொடுத்தவனையே காப்பாற்றியிருக்கிறான் பார். விருத்தாசலம் உண்மையைச் சொன்னதை ஒரு வாய் பாராட்டினால், ஆனந்தராஜ் உண்மையை மறைத்ததைப் பத்து வாய் பாராட்டியது.

வீட்டுக்கு வந்ததும் ஜெயம் ஷோகேஸைத் திறந்தாள். வட்டத் தடங்களுக்கு நடுவில் ஷீல்டை நிறுத்தினாள். "இன்னா புள்ளைங்க அது" என்றாள். "தெரிஞ்சும் ஒரு வார்த்தை வெளிய உடல பாருங்க. அந்த ரத்தம் என் ஒடம்புல ஓடுறதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும்." சொல்லிக்கொண்டே திரும்பினாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள்.

"அவன் மேல உங்களுக்கு பொறாமையா?"

"ஆமா" என்றார் விருத்தாசலம்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார், திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தார். ஜெயம் ஷோகேஸ் கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் படிந்திருந்த விரல் தடத்தை முந்தானையால் துடைத்தாள்.

"எனக்கு அந்த ஏரி மேல இருக்குது" என்றாள். "கல்யாணமான மூணாம் நாள்லேருந்து. நான் எந்த மைக்குல போய் சொல்றது?"

பிறகு, விழாவில் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று, தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனாள்.